துவர்ப்பு

என் தங்கை எனக்கு இட்டிருந்த பணி எளிமையானது. ஸ்பெயினின் பில்பாவோ நகரில் பணிபுரியும் அவள் மகன் குடிக்கிறானா என்று பார்த்துவிட்டு வரவேண்டும். 'நேராக் கேக்காதண்ணா, அவன் வருத்தப்படுவான். நாலு நாள் கூட இருந்து பாரு. உனக்குத் தெரிஞ்சிடும்' என்றாள். எனக்குத் தெரிந்துவிடும் என்று அவள் நம்பியதற்குக் காரணம் இருந்தது. குடிப்பவர்களைக் கண்டுகொள்வதில் நாங்கள் இருவரும் சிறுவயதிலேயே தேர்ச்சி பெற்றவர்கள். தெருமுனையில் அப்பாவின் சைக்கிள் மணி ஒலிக்கும் விதத்தைக் கொண்டே அன்றைய இரவு எப்படிப் போகும் என்று சொல்லிவிடுவோம்.

ஆனால் துப்பறியும் வேலைக்கு அவசியமே ஏற்படவில்லை. நான் போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் இரவு சாப்பாட்டின்போது மருமகனே பேச்சை எடுத்தான். 'மாமா, சனிக்கிழமை ரியோஹா போலாமா? ஒயினுக்குன்னே ஒரு மியூசியம் இருக்கு. உங்களுக்குப் பழைய சாமான்லாம் பிடிக்குமே.' பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே, 'சாயங்காலம் ஒரு நிலவறையில டேஸ்ட் பண்ணிப் பாக்கலாம். உங்களுக்கு வேணாம்னா சும்மா கூட வாங்க' என்றான்.

அம்மா என்ன சொல்லி என்னை அனுப்பியிருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரிந்தே இருந்தது. சரி என்றேன்.

எனக்கு ஐம்பத்தேழு வயது. அதுவரை ஒரு துளி மதுவும் குடித்ததில்லை. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. சிலருக்கு நாய் என்றால் அச்சம், சிலருக்கு நீர்நிலை என்றால் அச்சம். எனக்கு அந்த நெடி. ஒயின் என்ற சொல்லைக்கூட நான் முதலில் கற்றது கடைப்பலகைகளிலிருந்துதான். தமிழகத்தில் சாராயமோ பிராந்தியோ எது விற்றாலும் அந்தக் கடைக்கு 'ஒயின் ஷாப்' என்று பெயர். 2003ல் சில்லறை விற்பனை முழுவதும் அரசின் டாஸ்மாக் கைக்குப் போன பிறகும் மக்கள் வாயில் அந்தப் பெயர் நெடுநாள் நின்றது. அங்கே மிகக் குறைவாக விற்ற பொருள் ஒயினாகத்தான் இருந்திருக்கும்.

*

பில்பாவோவிலிருந்து ஆரோ என்ற ஊருக்குப் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். மருமகனிடம் கார் இருந்தது, ஆனால் எடுக்கவில்லை. 'குடிக்கற அன்னிக்கு வண்டியத் தொடமாட்டேன் மாமா' என்றான். தங்கையிடம் சொல்லவேண்டியவற்றின் பட்டியலில் இதை முதலாவதாகக் குறித்துக்கொண்டேன்.

பில்பாவோ ஓயாமல் தூறிக்கொண்டிருக்கும் ஊர். மலைச்சரிவெல்லாம் ஊட்டியைப்போலப் பச்சை. பேருந்து தெற்கே வந்து மலைத்தொடரைக் கடந்ததும் மழை நின்று, மண் செம்பழுப்பாகி, வானம் திறந்துகொண்டது. அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்றைக் கான்டாப்ரியா மலைத்தொடர் தடுத்துவிடுகிறது. தெற்கே தெமாண்டா மலைகள். இரண்டுக்கும் நடுவே எப்ரோ ஆறு. இந்தப் பள்ளத்தாக்கில் அறுபதாயிரம் ஹெக்டேருக்கு மேல் திராட்சை பயிராகிறது. ஸ்பெயினில் ஒயினுக்கு முறையான விளைநிலப் பெயர்க் காப்பு முதலில் கிடைத்தது ரியோஹாவுக்குத்தான், 1925ல்.

அது அக்டோபர் மாத இறுதி. அறுவடை முடிந்துவிட்டது. இலைகள் மஞ்சளும் துருச்சிவப்புமாக மாறியிருந்தன. நான் கம்பம் பள்ளத்தாக்கில் பந்தலில் படரும் திராட்சையைப் பார்த்துப் பழகியவன். இங்கே பழைய தோட்டங்களில் பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை. முழங்கால் உயரத்தில், முறுக்கிய கிழட்டுக் கையைப்போல ஒவ்வொரு கொடியும் தனித்தனியாக நின்றது. இடையிடையே கல்லால் கட்டிய கூம்பு வடிவக் குடில்கள். பழம் முதிரும் காலத்தில் காவல்காரன் தங்குவதற்காக அந்தக் காலத்தில் கட்டியவை. நம் ஊர்க் காவல் பரண் போலத்தான். மரத்துக்குப் பதில் கல்.

ஆரோவிலிருந்து வாடகைக் காரில் சில கிலோமீட்டர் போனால் பிரியோனெஸ். குன்றின்மேல் தேவாலயக் கோபுரத்தைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருக்கும் சிற்றூர். அதன் அருகே, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது விவாங்கோ ஒயின் பண்பாட்டு அருங்காட்சியகம். நான்கு தலைமுறைகளாக ஒயின் செய்துவரும் குடும்பம். பேத்ரோ விவாங்கோ என்பவர் பல பத்தாண்டுகளாகச் சேர்த்த பொருட்களைக் கொண்டு 2004ல் இதைத் திறந்தார்கள். வாசலிலேயே ஒரு தோட்டம். இருநூறுக்கும் மேற்பட்ட திராட்சை வகைகளை வரிசையாக நட்டு, ஒவ்வொன்றுக்கும் பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள். பள்ளி வருகைப்பதிவேட்டை வாசிப்பதுபோல மருமகன் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தான். டெம்ப்ரனீயோ என்ற பெயரில் நின்றான். ரியோஹாவின் முதன்மையான திராட்சை அதுதான். ஸ்பானிய மொழியில் 'தெம்ப்ரானோ' என்றால் சீக்கிரம். மற்றவற்றுக்கு முன்பே பழுத்துவிடுவதால் அந்தப் பெயர்.

உள்ளே முதலில் என்னை நிறுத்தியது ஒரு பிழிபொறி. ஒரு முழு மரத்தின் அடித்தண்டே அதன் நெம்புகோல். எங்கள் ஊர் வாணியச் செக்கைப் படுக்கவைத்து நான்கு மடங்கு நீட்டியதுபோல இருந்தது. அடுத்து பீப்பாய் செய்யும் தொழில். ஆணி இல்லை, பசை இல்லை. ஓக் பலகைகளைத் தீயில் காட்டி வளைத்து, இரும்பு வளையத்தால் இறுக்கிவிடுகிறார்கள். ஒரு பீப்பாயின் கொள்ளளவு 225 லிட்டர். உள்பக்கம் தீயில் வாட்டப்பட்டிருக்கும். அந்தக் கருகலும் மரத்தின் சாரமும் மெல்ல மெல்ல ஒயினில் இறங்கும். பிறகு தக்கை. தக்கை ஓக் மரத்தின் பட்டையை உரித்தால் அது மீண்டும் வளர ஒன்பது ஆண்டுகள் பொறுத்திருக்கவேண்டும். இந்தத் தொழிலில் எவருக்கும் அவசரம் இல்லை என்பதை ஒவ்வொரு அறையும் வேறு வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்தத் தக்கையைத் திறக்கும் திருகுகளுக்கென்று ஓர் அறை. மூவாயிரத்துக்கும் மேலான தக்கைத் திருகுகள். ஒரு பூட்டைத் திறக்க மனிதன் இத்தனை சாவிகள் செய்திருக்கிறான் என்றால், உள்ளே இருப்பதன்மேல் அவனுக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கவேண்டும். இதற்கு முதலில் காப்புரிமை பெற்றவர் ஓர் ஆங்கிலேயப் பாதிரியார் என்பதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. ஆண்டு 1795.

நான் அதிக நேரம் நின்றது பழஞ்சாடிகளின் முன்னால். கூரிய அடியும் இரண்டு கைப்பிடிகளும் கொண்ட ஆம்போராக்கள். கப்பலின் அடித்தளத்தில் ஒன்றோடொன்று சாய்த்து அடுக்க வசதியாக அந்தக் கூர்முனை. இதே குடும்பத்தைச் சேர்ந்த சாடிகளின் உடைசல்களைத்தான் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியெடுத்தார். அவை அங்கே எப்படிப் போயின என்பதற்குப் புறநானூற்றில் சாட்சி இருக்கிறது. நக்கீரர் பாண்டியனை வாழ்த்தும்போது, யவனர் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பொற்கலத்தில் உண்டு மகிழ்ந்திருக்கச் சொல்கிறார்.

மருமகனிடம் இதைச் சொன்னேன். 'அப்ப நம்ம ஆளுங்க குடிச்சிருக்காங்களா?' என்றான். குடித்தது மட்டுமா? கள், நறவு, தேறல், மட்டு, அரியல், பிழி, தோப்பி என்று இத்தனை பெயர்கள் வைத்திருந்தார்கள். நெல்லில் செய்தது, தேனில் செய்தது, மூங்கில் குழாயில் இட்டு முதிர வைத்தது என்று வகைகள் தெரிந்திருந்தன. அதியமான் இறந்தபோது ஔவை பாடிய கையறுநிலைப் பாட்டு, அவன் கள்ளைப் பகிர்ந்துகொண்ட விதத்தைச் சொல்லித்தான் தொடங்குகிறது. பின்னர் வந்த வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கினார். இரண்டுமே நம்முடையவைதான்.

எங்கள் வீட்டிலோ அதற்கு ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. தண்ணி.

*

அப்பா கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டராக இருந்தார். அறைகள் தடுத்த மரக் கேஸிலிருந்து ஈய எழுத்துக்களைப் பார்க்காமலே எடுத்து, தலைகீழாகவும் இடவலம் மாறியும் கோர்ப்பார். நான் தமிழ் எழுத்துக்களை முதலில் அப்படித்தான், கண்ணாடியில் தெரிவதுபோலக் கற்றேன். அவர் கோர்த்த புத்தகங்களில் திருக்குறளும் உண்டு. கள்ளுண்ணாமையின் பத்துக் குறள்களையும் எழுத்து எழுத்தாக எடுத்து வைத்தவர் அவர்.

1981ல் சாராயக் கடைகள் மீண்டும் திறந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. சம்பள நாளில் அம்மா என்னைக் கடை வாசலுக்கு அனுப்புவாள். உள்ளே அப்பா குடிப்பதைப் பார்த்திருக்கிறேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுளித்து, ஒரே மடக்கில் கவிழ்ப்பார். உடனே ஊறுகாயை நாக்கில் தடவிக்கொள்வார். தான் குடிப்பதன் சுவையை அறியாமல் இருக்க எல்லா முயற்சியும் செய்வார். மீதி வைத்து எழுந்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை. சில ஆண்டுகளில் கை நடுங்கத் தொடங்கியது. எழுத்துக்கள் தவறின. முதலாளி இரக்கமுள்ளவர், வேலையை விட்டு நீக்கவில்லை. அச்சடித்து முடித்த பாரங்களிலிருந்து எழுத்துக்களைப் பிரித்துக் கேஸில் திரும்பப் போடும் வேலைக்கு மாற்றினார். பழகவந்த பையன்கள் செய்யும் வேலை அது. அப்பா அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. 1991ல் இறந்துபோனார். மருமகன் தன் தாத்தாவைப் புகைப்படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறான்.

அருங்காட்சியகத்தில் கொடியிலிருந்து கிண்ணம் வரை எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. விழா இருந்தது, வழிபாடு இருந்தது, பிக்காசோவின் படைப்புகள்கூட இருந்தன. குடிப்பவன் வீட்டுக்கு என்று ஓர் அறை இல்லை. உலகில் எந்த ஒயின் அருங்காட்சியகத்திலும் அப்படி ஓர் அறையை யாரும் கட்டப்போவதில்லை. அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஆனால் அங்கிருந்து வெளியே வந்தபோது அந்த அறையை மட்டும் நானே கொண்டுவந்து வைத்துவிட்டதைப்போல உணர்ந்தேன்.

*

மாலையில் ஆரோவுக்குத் திரும்பினோம். இந்த ஊரின் புகழ்பெற்ற ஒயின் நிறுவனங்கள் பல ரயில் நிலையத்தைச் சுற்றியே இருக்கின்றன. அதற்குக் காரணம் ஒரு பூச்சி. அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்ஸீரா என்ற நுண்பூச்சி பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சின் கொடிகளை வேரோடு தின்று அழித்தது. சரக்கில்லாமல் தவித்த பிரெஞ்சு வணிகர்கள் மலையைத் தாண்டி இங்கே வந்தார்கள். பீப்பாய்களை ஏற்றியனுப்ப ரயில் வேண்டும் அல்லவா? நிலையத்தை ஒட்டியே கிடங்குகள் எழுந்தன. பணம் கொழித்தது. 1890லேயே தெருவில் மின்விளக்கு எரிந்த ஊர் இது. ஸ்பெயினில் அந்த வசதியை முதலில் பெற்ற நகரங்களில் ஒன்று. பிறகு 1899ல் அதே பூச்சி ரியோஹாவுக்கும் வந்து சேர்ந்தது. பூச்சி தின்ன முடியாத அமெரிக்க வேரில் உள்ளூர்க் கொடியை ஒட்டுக்கட்டித்தான் பிழைத்தார்கள். இன்றும் பெரும்பாலான கொடிகள் அப்படித்தான் நிற்கின்றன.

நாங்கள் போன நிலவறை குளிர்ந்து, இருண்டு, காளான் மணத்தோடு இருந்தது. சுவர்களில் கறுப்புப் பூஞ்சை. எங்களோடு இன்னும் ஆறு பேர். சுவைக்க வழிகாட்டிய இளம்பெண் ஒவ்வொருவர் முன்னாலும் மூன்று கிண்ணங்களை வைத்தாள். மேசை நடுவே ஓர் உலோகப் பாத்திரம். அது எதற்கு என்று கேட்டேன். துப்புவதற்காம். நம் வீடுகளில் வெற்றிலை போடும் தாத்தாக்கள் பக்கத்தில் வைத்திருந்த படிக்கம்! காசு கொடுத்து வாங்கியதைத் துப்புகிறவர்களும் உலகில் இருக்கிறார்கள் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

முதல் கிண்ணத்தில் அந்த ஆண்டு ஒயின். பீப்பாயைப் பார்க்காதது. நாவல்பழச் சாற்றின் நிறம். முகர்ந்து மட்டும் பார்த்தேன். நான் அஞ்சியிருந்த நெடி வரவில்லை, பழமணம்தான் வந்தது. இரண்டாவது கிரியான்சா. குறைந்தது இரண்டு ஆண்டுகள் முதிர்ந்தது, அதில் ஓராண்டாவது பீப்பாயில் இருந்திருக்கவேண்டும் என்பது விதி. 'கொஞ்சம் வாயில வச்சுப் பாருங்க மாமா, முழுங்க வேணாம்' என்றான். என்ன தோன்றியதோ, ஒரு வாய் எடுத்தேன். புளிப்பு. அடுத்த கணம் ஈறும் நாக்கும் கன்னத்தின் உட்பக்கமும் உலர்ந்து இழுத்தன. படிக்கத்தில் துப்பினேன்.

அந்தப் பெண் இதைத்தான் விளக்க முயன்றுகொண்டிருந்தாள். இது சுவை அல்ல, ஓர் உணர்ச்சி. திராட்சைத் தோலிலும் விதையிலும் மரத்திலும் இருந்து வருவது. டானின் என்பது பெயர் என்று ஆங்கிலத்தில் சொற்களைத் தேடித் தேடிச் சொன்னாள். மற்றவர்கள் தலையசைத்தார்கள்.

'துவர்ப்பு' என்றேன் மருமகனிடம்.

'அப்படின்னா?' சென்னையில் பிறந்து ஆங்கிலத்தில் படித்தவன்.

'வாழைப்பூ ஆய்ஞ்சா உங்கம்மா கை கறுத்துப்போகுமே, அதுல இருக்கறது. பாக்கு, கடுக்கா, நாவப்பழம், மாதுளந்தோலு. அறுசுவையில ஒண்ணுடா.'

அவன் முகம் மலர்ந்தது. அந்தப் பெண்ணிடம் வேகமாக ஸ்பானிய மொழியில் ஏதோ சொன்னான். எங்கள் மொழியில் சுவைகள் ஆறு, அவற்றில் இது ஒன்று என்று சொன்னானாம். அவள் அந்தச் சொல்லை இரண்டு முறை சொல்லிப்பார்த்தாள். நான் அன்று முழுவதும் அங்கே விருந்தாளியாக இருந்தவன்; அந்த ஒரு நிமிடம் மட்டும் உள்ளூர்க்காரனாக இருந்தேன்.

மூன்றாவது கிரான் ரெசெர்வா. ஐந்து ஆண்டுகளாவது முதிர்ந்திருக்கவேண்டும்; பீப்பாயில் இரண்டு ஆண்டுகளுக்குக் குறையக்கூடாது. இந்தப் போத்தல் அதைவிட மூத்தது. வயது ஏற ஏறச் சிவப்பு வெளிறி விளிம்பில் செங்கல் நிறம் கூடும் என்றாள் அவள். கிண்ணத்தைச் சாய்த்துக் காட்டினாள், அப்படியே இருந்தது. முகர்ந்தேன். முதலில் தேங்காய். கற்பனை என்று நினைத்து அவளைக் கேட்டேன். இல்லை, ரியோஹாவில் மரபாகப் பயன்படுத்துவது அமெரிக்க ஓக், அந்த மரம் தேங்காய் மணத்தையும் வனிலா மணத்தையும் தரும் என்றாள். பிறகு புகையிலை. பிறகு பழைய மரப்பெட்டியைத் திறந்ததுபோல, பழைய காகிதம்போல ஏதோ ஒன்று.

நாற்பது ஆண்டுகளாக அப்பாவின் வாசனை என்றால் எனக்குச் சாராய நெடி ஒன்றுதான். அதற்கு அடியில் வேறு வாசனைகளும் இருந்தன என்பது அந்த இருட்டில் உட்கார்ந்திருந்தபோது நினைவுக்கு வந்தது. சட்டைப்பையில் மடித்த புகையிலை. எழுத்துக் கேஸின் மரம். மை துடைக்கும் மண்ணெண்ணெய். ஈரக் காகிதக் கட்டு. அவற்றையெல்லாம் ஒரு நெடி மூடிவிட்டிருந்தது.

அந்த வாய் ஒயினை நான் துப்பவில்லை. விழுங்கினேன். ஒன்றும் நிகழவில்லை. தொண்டையில் லேசான சூடு, அவ்வளவுதான்.

நிமிர்ந்து பார்த்தபோது மருமகன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்தான். அவனுடைய மூன்று கிண்ணங்களிலும் பாதிக்குமேல் மீதி இருந்தது. 'போதும் மாமா, பஸ்ஸுக்கு நேரமாச்சு.'

பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும்போது ஒரு மதுக்கூடத்தின் வாசலில் ஒரு முதியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பக்கத்தில் ஒரு பெண், மகளாக இருக்கலாம், அவருடைய தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தாள். அவள் நின்ற விதம் எனக்குப் பழக்கமானது. பெயர்களும் விதிகளும் அருங்காட்சியகமும் எல்லோரையும் காப்பாற்றிவிடுவதில்லை.

*

மறுநாள் காரில் சான் மில்யான் தெ லா கொகோயா மடாலயங்களுக்குப் போனோம். அன்று ஒயின் கிடையாது. 1997ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். லத்தீன் சுவடி ஒன்றைப் படித்த துறவி ஒருவர், ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், கடினமான சொற்களுக்கு ஓரத்தில் தன் பேச்சுமொழியில் பொருள் குறித்து வைத்தார். எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய ஸ்பானிய மொழி வடிவங்களில் ஒன்றாக அவற்றைக் கருதுகிறார்கள். பாஸ்க் மொழிக் குறிப்புகளும் அதில் உண்டு. சுவடி இப்போது மத்ரித் நகரில் இருக்கிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் இதே மடத்தோடு தொடர்புடையவர் கொன்சாலோ தெ பெர்சேயோ. பெயர் தெரிந்த முதல் ஸ்பானியக் கவிஞர். ஒரு புனிதரின் வரலாற்றைப் பாடத் தொடங்கும்போது, தன் பாட்டுக்கு ஒரு கிண்ணம் நல்ல ஒயின் தகும் என்கிறார். பரிசிலாகப் பொன்னும் பொருளும் கேட்கவில்லை. பாணனுக்குத் தேறல் வார்த்த அரசர்களைப் படித்து வளர்ந்தவனுக்கு இதில் வியப்பு இல்லை. கவனிக்கவேண்டியது அந்த அளவு. ஒரு கிண்ணம்.

அன்றிரவு தங்கை தொலைபேசியில் அழைத்தாள். சுற்றி வளைக்கவில்லை.

'குடிக்கிறானா?'

'குடிக்கிறான்.'

மறுமுனையில் பேச்சில்லை. அவசரமாகச் சொல்லத் தொடங்கினேன். வண்டி எடுக்கவில்லை என்று சொன்னேன். வாயில் வைத்துவிட்டுத் துப்புகிறார்கள் என்று சொன்னேன். 'துப்பறதுக்கா காசு குடுக்கறாங்க?' என்றாள். பிறகு, மூன்று கிண்ணத்திலும் பாதிக்குமேல் வைத்துவிட்டு எழுந்துவந்தான் என்றேன்.

'மீதி வச்சானா?'

'வச்சான்.'

'நீ பாத்தியா?'

'என் கண்ணால பாத்தேன்.'

சற்று நேரம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அவனுக்குக் கொடுத்தனுப்பிய பருப்புப் பொடி தீர்ந்துவிட்டதா என்று கேட்டாள்.

நானும் ஒரு வாய் குடித்தேன் என்பதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.